'மை நகரம்' எப்படி முடிகிறது?

மண்ணூர்பேட்டை
12.8.1989

அன்புள்ள ரோஸி,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டேன், வெட்கப்பட்டு ஒரு சொல்லை விடவும் மாட்டேன். போன மாதம் தபாலில் 'நான் நலம், மழை இல்லை, பாடங்கள் நன்றாக நடக்கின்றன' என்று உனக்கு எழுதினேனே, அதை ஒட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் எழுதியதுபோல இருந்தது. உங்கள் விடுதிக்கு வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் வார்டன் சிஸ்டர் அமலோற்பவம் பிரித்துப் படிப்பார் என்று நீ சொன்னதிலிருந்து, பேனாவை எடுத்தாலே என் தோளுக்குப் பின்னால் ஆள் நிற்கிறது. இது தபாலில் வரவில்லை. நாளை இரண்டாம் ஞாயிறு, உன்னைப் பார்க்க உங்கம்மா வரும்போது முறுக்குப் பையோடு வருகிறது.

முதலில் உங்கள் வீட்டு விஷயம். உங்கப்பாவுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் நீ கணக்கில் ஃபெயிலானதற்குக் கதைப் புத்தகம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டாராம். விடுதியிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் பிளஸ் டூ பரீட்சை கிடையாது, நேரே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பட்டன் தைக்க அனுப்பிவிடுவேன் என்கிறாராம். தெருக்குழாயில் உங்கம்மா சொன்னார்கள். அவர் சொன்னால் செய்கிறவர். அதனால் இதை உனக்கு அனுப்பலாமா, கூடாதா என்று உட்காரவே முடியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் அனுப்புகிறேன்.

'இது' என்பது ஒரு நாவல். பெயர் 'மை நகரம்'. எந்த நாட்டுக் கதை, யார் எழுதியது, ஒன்றும் தெரியவில்லை. முன் அட்டை போய்விட்டது, பெயர் பக்கங்களின் தலையில் மட்டும் இருக்கிறது. நம் நாகேந்திரன் அண்ணனின் லெண்டிங் லைப்ரரியில் மாத நாவல் கட்டுகளுக்கு அடியில் ஈரம்பட்டு உப்பிக் கிடந்தது. எடைக்குப் போடப் போவதாகச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டேன்.

கதை நடக்கிற நகரத்தில் புத்தகங்களை யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. எல்லாரும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்தில், அரசாங்கத்திலிருந்து ஆட்கள் மை டப்பாவும் தூரிகையுமாக வீடு வீடாக வருவார்கள். வேண்டாத வரிகள்மேல் மை பூசிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வேலை செய்கிற ஒரு பெண்தான் வேரா. மை பூச வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டுமே. அதனால் அந்த நகரத்திலேயே எல்லாவற்றையும் படித்தவள் அவள் ஒருத்திதான். ஒரு வருஷம் அவளுக்கு என்னவோ ஆகிறது. வீட்டுக்கு ஒரே ஒரு வரியை மட்டும் மை பூசாமல் விட்டுவிட்டு வருகிறாள். மீதியை நீயே படி.

ஓரங்களையும் படி. நம் லைப்ரரி வாசகர்கள் சும்மா இருப்பார்களா. முதல் பக்கத்தில் யாரோ பென்சிலில், 'மெதுவாகப் போகிறது. பத்தாம் பக்கத்துக்கு மேல் சூடு பிடிக்கும். பொறுமை.' அதற்குக் கீழே நீல மையில், 'நான் முப்பதுல கீறேன், இன்னும் சூடு வர்ல.' அதற்குக் கீழே மறுபடி பென்சில், 'முப்பத்தொன்றைத் திருப்பவும்.' நீல மைக்காரர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற தேவராஜ் அண்ணனாம். மை அதிகாரி வரும் இடத்தில் 'இவனுக்கு எங்க ஃபோர்மேன் மூஞ்சி' என்று எழுதியிருக்கிறார். தாலாட்டுப் பாட்டின்மேல் மை பூசுகிற இடத்தில் பச்சை மையில் 'படுபாவிகளா' என்று ஒரே ஒரு சொல். இன்னொருவருக்கு ஒரே கவலை: 'வேராவுக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா, ஆசிரியர் சொல்லவே இல்லை.' நாகேந்திரன் அண்ணன் கோபித்துக்கொண்டு 'புத்தகத்தில் எழுதாதீர்கள்' என்று ஒரு அட்டையில் எழுதி லைப்ரரிச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதற்குக் கீழே யாரோ 'சரி' என்று எழுதிவிட்டார்கள்.

பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிளில் 'வேதியியல் கையேடு' என்று எழுதி அனுப்புகிறேன். என் அட்டையைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரு சுருக்கம்கூட இல்லை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உன்,
லோகநாயகி


ஆரணி
9.9.1989

லோகு,

உன் வேதியியலைப் படித்து முடித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே முடித்தது? கடைசிப் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. மறுபடி மழைக்காலம் வருகிறது, வேரா மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள், முதல் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், அப்புறம் பின் அட்டை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறவளே, இதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டாய்?

ராத்திரி படிப்பு நேரத்தில் உண்மையான வேதியியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தேன். பிறகு ஆசை அடங்கவில்லை. சனிக்கிழமை துணி துவைக்கும்போது கிணற்றடியில் பெண்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். இப்போது சனிக்கிழமை ஆனால் எல்லாருக்கும் நிறைய அழுக்குத் துணி இருக்கிறது. சுத்தமான துணியைக்கூடக் கொண்டுவந்து நனைக்கிறார்கள்.

நீ லைப்ரரிக்காரர்களைச் சொன்னாய், இவர்களைக் கேள். போளூர்ப் பெண் ஒருத்தி, மை பூசுகிறவர்கள் செய்வதுதான் சரி என்கிறாள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எல்லாவற்றையும் திறந்தா வைப்பார்கள் என்று கேட்கிறாள். அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. இன்னொருத்தி தினமும் வந்து, எங்கள் வீட்டுக்கு வேரா வந்தால் எந்த வரியை விடுவாள் என்று கேட்கிறாள். அவள் வீட்டில் இருப்பது பஞ்சாங்கமும் ரேஷன் கார்டும்தான். அதிலிருந்து சொல்லு என்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாலாட்டு இடத்தில் அழுதாள். ஏனென்று கேட்டால், வீட்டில் தம்பி இருக்கிறான் என்றாள்.

எனக்கு வேராமேல் கோபம்தான். வீட்டுக்கு ஒரு வரியாம். பிச்சையா போடுகிறாள், கோழை? மை டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே. நீ அவளைப் பாராட்டுவாய் என்று தெரியும். நீ எப்போதும் மெதுவாகச் செய்கிறவர்கள் பக்கம்.

பின் அட்டையில் ஆளாளுக்கு ஒரு முடிவு எழுதிவைத்திருக்கிறார்கள், பார்த்தாயா? 'மாட்டுவாள், தூக்கு.' 'இல்லை, மந்திரி மகன் காப்பாற்றுவான்.' உன் நீல மை அண்ணன், 'மை டப்பாவ மந்திரி தலைல கவுத்துட்டு எஸ்கேப்.' எனக்கு அவர் முடிவுதான் பிடித்தது. ஆனால் உண்மையான முடிவு வேண்டும். எங்கே தேடுவாயோ தெரியாது. இரவில் படுத்தால் அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

ரோஸி

அட்டை அழகாகத்தான் இருக்கிறது. கிழிக்கவே மனசு வரவில்லை.


மண்ணூர்பேட்டை
7.10.1989

அன்புள்ள ரோஸி,

நீ திட்டியது நியாயம்தான். கிழிந்திருப்பதைச் சொன்னால் நீ புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாயோ என்று பயந்தேன். ஆனால் மெதுவாகச் செய்கிறவர்கள் பக்கம் என்று நீ சொன்னதை நான்கு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். டப்பாவைக் கவிழ்த்திருந்தால் அடுத்த நாளே வேறொருத்தி புது டப்பாவோடு வந்திருப்பாள், ரோஸி. அவள் ஒரு வரியும் விட்டிருக்க மாட்டாள். இதற்கு நீ பதில் சொல்லாமல் பேச்சை மாற்றாதே.

முடிவைத் தேடுகிறேன். நாகேந்திரன் அண்ணனிடம் கேட்டால், "வரும்போதே அப்டிதாம்மா வந்துச்சு" என்கிறார். அது வந்தபோது முழுசாக இருந்தது என்று தேவராஜ் அண்ணன் சொல்கிறார். அவரை முதல் முறையாக நேரில் பார்த்தேன். எழுத்தைப் பார்த்து முரட்டு ஆள் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வேட்டியில் கிரீஸ் கறையோடு நின்றார். நான் 'மை நகரம்' என்றதும் சைக்கிளைப் பூட்டாமலேயே உள்ளே வந்துவிட்டார்.

"தங்கச்சி, அந்தப் பொம்பள கடைசில மாட்னாளா இல்லியா? அத்த மட்டும் சொல்லு. நைட் ஷிப்டுல அதான் ரோசன பண்ணிகினு கீறேன்."

எனக்கும் தெரியாது என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஓரத்தில் பென்சிலில் பொறுமையாக எழுதியிருப்பது வரலட்சுமி அக்காவாம். முன்பு டன்லப் கம்பெனி பக்கம் மருந்துக் கடையில் இருந்தார். புத்தகத்தை முதலில் எடுத்துப் படித்தது அவர்தான், முழுசாகப் படித்திருப்பார் என்கிறார். இப்போது கல்யாணமாகித் திருமழிசையில் இருக்கிறாராம். தீபாவளி கழிந்ததும் போய்ப் பார்க்கிறேன்.

கணக்கு டியூஷன் விட்டு வரும்போதெல்லாம் எனக்குள் யாரோ ஓடிக்கொண்டே இருப்பதுபோல இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் முதல் வீட்டுக் கதவு ஞாபகம் வருகிறது. திறந்தது யார், ரோஸி? உள்ளே என்ன இருந்தது?

உன்,
லோகநாயகி


ஆரணி
24.10.1989

அன்புள்ள தோழி லோகநாயகிக்கு,

இறைவன் அருளால் நான் இங்கு நலமாக இருக்கிறேன். உன் நலமும் உன் பெற்றோர் நலமும் அறிய ஆவல். இங்கு உணவு நன்றாக இருக்கிறது. பாடங்கள் நன்றாக நடைபெறுகின்றன.

சென்ற சனிக்கிழமை எங்கள் விடுதியில் புத்தக அட்டைப் பரிசோதனை நடந்தது. மாதந்தோறும் நடப்பதுதான். எல்லா மாணவியரும் தங்கள் புத்தகங்களை மேசைமேல் அடுக்கி வைத்தோம். என் வேதியியல் கையேட்டின் அட்டையே எல்லாவற்றிலும் சிறந்தது என்று சிஸ்டர் அமலோற்பவம் அவர்கள் பாராட்டி, அட்டை போடுவது எப்படி என்று எல்லாருக்கும் காட்டுவதற்காக அதை மேலே தூக்கிப் பிடித்தார்கள். மூலைகளைக் காட்டினார்கள். பிறகு மடிப்பைக் காட்டுவதற்காகத் திறந்தார்கள்.

புத்தகம் இப்போது சிஸ்டரிடம் இருக்கிறது. கிணற்றடியில் கதை சொன்னதையும் நான் ஒப்புக்கொண்டேன். இது கட்டுப்பாட்டை மீறத் தூண்டும் புத்தகம் என்று இன்னொரு சிஸ்டர் சபைத் தலைவியான மதருக்கு எழுதியிருக்கிறார்கள். மதர் அவர்கள் நவம்பர் இருபதாம் தேதி இங்கு வருகிறார்கள். என்னை வீட்டுக்கு அனுப்புவதா, பரீட்சை எழுத அனுமதிப்பதா என்று அன்று முடிவு செய்வார்கள். அதுவரை என்னைப் பார்க்க யாரும் வர அனுமதி இல்லை.

கடைசிப் பக்கங்கள் இல்லாததால் புத்தகம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை என்று சிஸ்டர் அமலோற்பவம் சொல்கிறார்கள். ஆகையால் அது எப்படி முடிகிறது என்பதை, அதிலும் விதியை மீறிய அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கிடைக்கிறதா, அவள் மனம் திருந்துகிறாளா என்பதை, நீ தெளிவாகத் தபாலில் எழுதி அனுப்ப வேண்டும். உன் கடிதம் மதர் முன்னிலையில் வாசிக்கப்படும்.

அனைவருக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
அ. ரோஸி


மண்ணூர்பேட்டை
11.11.1989

ரோஸி,

உன் தபால் கடிதத்தைப் படித்தேன். அந்த அட்டையைப் போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. கொஞ்சம் கோணலாகப் போட்டிருக்கக் கூடாதா நான்.

யாரையும் பார்க்க விடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் உங்கம்மா நாளைக்குக் கிளம்புகிறார்கள், கேட்டிலாவது நின்று பார்க்கிறேன் என்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன். முடிவு கிடைத்துவிட்டது.

போன ஞாயிறு பூந்தமல்லி போய், அங்கிருந்து பஸ் மாறித் திருமழிசையில் இறங்கினேன். வழியெல்லாம் தேர்தல். ஒரு கட்சிக்காரர்கள் சுவரில் எழுதியதை இன்னொரு கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து மறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதைப் பார்த்தாலும் வேரா ஞாபகம். வரலட்சுமி அக்கா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் கட்டையை வைத்துவிட்டார். எட்டு வருஷம் ஆகியும் அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை.

வேரா மாட்டிக்கொள்ளவே இல்லை, ரோஸி.

கதவு திறக்கிறது. வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே வரவேற்கிறாள். போன வருஷம் வேரா ஒரு வரி விட்டுவைத்த புத்தகத்தை அவளே எடுத்துவந்து நீட்டுகிறாள். "அம்மா, போன தடவை நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள், நாங்களே அடித்துவிட்டோம்" என்கிறாள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். அடுத்த வீடும் அப்படியே. அதற்கடுத்த வீடும். தாலாட்டு வீட்டில் குழந்தையே பூசியதாம், பெருமையாகக் காட்டுகிறார்கள். அந்தத் தெருவில் வேரா செய்ய ஒரு வேலையும் இல்லை. கடைசி வீட்டில் கொடுத்த தேநீரைக் குடிக்கிறாள், நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாள், டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறாள். அவ்வளவுதான்.

நான் அழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். நீ அவளைக் கோழை என்றாய், நான் இல்லை என்றேன். இரண்டு பேருமே தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. தேவராஜ் அண்ணனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். பிறகு, அவளைத் தூக்கில் போட்டிருந்தாலே தேவலை என்றார்.

இப்போது என்ன செய்வது? தண்டனை இல்லை. திருந்துவதும் இல்லை. இதை இப்படியே தபாலில் எழுதினால் மதர் என்ன சொல்வார்? வரலட்சுமி அக்கா, கேட்டால் உள்ளதைச் சொல்லு, சொல்லாவிட்டால் நீயும் கரி பூசினவள்தான் என்கிறார். தேவராஜ் அண்ணன், பரீட்சை எழுதப் போகிறது நிஜமான பெண், கதையில் வருகிறவளை அடித்தால் அவளுக்கு வலிக்காது என்கிறார். இரண்டும் சரியாகவே படுகிறது. நான் உண்மையை எழுதலாம் என்று பாதி மனசாக இருக்கிறேன். சிஸ்டர் அமலோற்பவம் நல்லவரா? புரிந்துகொள்வாரா? ஒரு வார்த்தை உங்கம்மாவிடம் சொல்லி அனுப்பு.

ஞாயிறு மாலை.

உங்கம்மா இந்தக் கடிதத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். முறுக்கும் திரும்பிவிட்டது. உன்னைப் பார்க்க விடவில்லை. கேட்டுக்கு வந்து பேசியது சிஸ்டர் அமலோற்பவம்தானாம். கடிதம் இருபதாம் தேதிக்குள் வந்தாக வேண்டும், கதை நல்ல விதமாக முடிகிறது என்றால் நான் மதரிடம் பேசுவேன் என்று சொன்னாராம். இதை மட்டும் இரண்டு முறை சொன்னாராம்.

உங்கம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எங்கள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். உங்கப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லையாம். பஸ்ஸில் வரும்போது எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்கள் ஏறினார்களாம், அவர்கள் விரலையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

"கத எப்டி முடிஞ்சா உனக்கு இன்னாமே? நல்லபடியா முடிச்சி எயுதிக் குடு. எம்பொண்ணு படிப்பு இப்ப உன் கைல கீது."

 எங்கம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

லோகநாயகி


மண்ணூர்பேட்டை
13.11.1989

அன்புள்ள தோழி ரோஸிக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டபடி 'மை நகரம்' என்னும் நாவலின் முடிவை, அதை முழுமையாகப் படித்த ஒருவரிடம் விசாரித்து எழுதுகிறேன்.

மீண்டும் மழைக்காலம் வருகிறது. வேரா முதல் வீட்டின் கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறப்பவர் அவளுடைய மேலதிகாரி. அவள் விட்டுவைத்த வரிகள் அனைத்தையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். அவள் கைது செய்யப்படுகிறாள். சிறையில் அவள் தனிமையில் பலவற்றை எண்ணிப் பார்க்கிறாள். விதிகள் எல்லாரையும் காப்பதற்காகவே உள்ளன என்றும், ஒருவர் தம் மனம்போல நடந்தால் ஊர் முழுவதும் துன்பப்படும் என்றும் உணர்கிறாள். நீதிமன்றத்தில் எல்லார் முன்னிலையிலும் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்கிறாள். நீதிபதி அவளுடைய இளமையையும் அவள் மனம் திருந்தியதையும் கருதித் தண்டனையைக் குறைக்கிறார். அவள் தன் பணிக்குத் திரும்பி, முன்னைவிடக் கவனமாக உழைக்கிறாள். ஊரார் அவளை ஏற்றுக்கொள்கிறார்கள்.

தவறு செய்தவர்கள் திருந்தினால் அவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதே இந்நாவலின் கருத்து என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் அவர்களுக்கும் மதர் அவர்களுக்கும் என் பணிவான வணக்கங்கள்.

இப்படிக்கு,
கஜ. லோகநாயகி

பி.கு.: ரோஸி, இது அந்தப் புத்தகத்தின் முடிவு இல்லை. நான் எழுதியது. வெறும் பொய்யை மட்டும் உனக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. மன்னித்துவிடு.


ஆரணி
9.12.1989

லோகு,

நாளைக்கு அம்மா வருகிறார்கள். பார்வையாளர் நாள் திரும்ப வந்துவிட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன், பரீட்சை எழுதுவேன். ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுத்தாயிற்று. போட்டோவில் திருடிபோல இருக்கிறேன்.

மதர் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். சிஸ்டர் அமலோற்பவம் உன் கடிதத்தை எடுத்து, எழுந்து நின்று, பைபிள் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உன் கையெழுத்து வரைக்கும் வாசித்துவிட்டு மடித்துவிட்டார். மதருக்குக் காது கொஞ்சம் மந்தம். "அப்போ அந்தப் பொண்ணு திருந்திட்டாளா?" என்று கேட்டார். "ஆமா மதர், திருந்திட்டா" என்றார் சிஸ்டர். "அப்புறம் எதுக்கு இவ்ளோ கலாட்டா? பரீட்ச எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு மதர் காப்பி குடிக்கப் போய்விட்டார். என் ஒரு வருஷம் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. புகார் எழுதின சிஸ்டர் மட்டும் என்னை முறைத்தார்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் லோகு, உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு எப்போதுமே வந்ததில்லை. இதற்காகவா நான் மூன்று மாதம் தூங்காமல் கிடந்தேன்? வேராவா நீதிமன்றத்தில் நின்று அழுதாள்? வேராவா முன்னைவிடக் கவனமாக மை பூசினாள்? நான் அவளைக் கோழை என்றுதான் சொன்னேன், இவ்வளவு மோசம் என்று சொல்லவில்லை. கிணற்றடியில் சொன்னபோது எல்லாரும் துணியைப் பிழிய ஆரம்பித்துவிட்டார்கள். தாலாட்டுக்கு அழுத பெண் எழுந்தே போய்விட்டாள். போளூர்ப் பெண் மட்டும், "நான் அப்பவே சொல்லல?" என்றாள். அவளை அடிக்கலாம்போல இருந்தது. அவளுக்குப் பிடித்த முடிவு ஒரு நல்ல முடிவாகவே இருக்க முடியாது.

இதை எழுதினவர் நம்மை ஏமாற்றிவிட்டார். நீயும் அதைப் படித்துவிட்டு, கருத்து வேறு எழுதியிருக்கிறாய். திருந்தினால் வாய்ப்புக் கொடுக்க வேண்டுமாம். உனக்குக் கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லையா? மருந்துக் கடை அக்காவை நேரில் பார்த்து எழுதினாயா, அவர் சரியாகத்தான் சொன்னாரா? ஏனென்றால் ஒன்று பொருந்தவில்லை. சிஸ்டர் இப்போதும் அந்தப் புத்தகத்தைத் தன் மேசை டிராயரில்தான் வைத்திருக்கிறார். ராத்திரி படிப்பு நேரத்தில் நாங்கள் குனிந்திருக்கும்போது அதை எடுக்கிறார். நேற்று பார்த்தேன், கடைசிப் பக்கத்தில் கிழிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முடிவு தெரிந்தவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை இன்றைக்குத்தான் என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து, "உன் சிநேகிதிக்குத் தமிழ்ல எவ்வளவு மார்க்?" என்று கேட்டார். நீதான் எப்போதும் முதல் என்றேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடிதத்தைத் திறந்து பார்த்தால், உன் கையெழுத்துக்குக் கீழே நீ என்னவோ எழுதியிருக்கிறாய். அதன்மேல் மை. ஒரு கோடு போட்டு அடித்ததுபோல இல்லை. குறுக்கிலும் நெடுக்கிலும் இழைத்து இழைத்து, தாள் நனைந்து சுருங்குகிற அளவுக்குப் பூசியிருக்கிறார். மற்ற இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. இத்தனை மாதமாக எங்கள் கடிதங்களைப் படிக்கிறார், இதுவரை யாருடையதிலும் அடித்ததே இல்லை. பிடிக்காவிட்டால் கூப்பிட்டுத் திட்டுவார், அவ்வளவுதான். இதில் மட்டும் எதற்கு? எனக்கு எழுதியதை எனக்குத் தெரியாமல் அடிக்க இவர் யார்? மதரிடம் எனக்காகப் பேசினவர் என்றுகூடப் பார்க்காமல், நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

இப்போது ட்ரங்குப் பெட்டிமேல் ஏறி நின்று, உன் கடிதத்தைப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதும், இறங்கி இதை எழுதுவதுமாக இருக்கிறேன். பெண்கள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரிகிறது என்று கேட்கிறார்கள். தொடக்கத்தில் என் பெயர் இருக்கிறது, அது 'ரோ'தான், சந்தேகமில்லை. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் 'இல்லை' என்று ஒரு சொல். நன்றாகத் தெரிகிறது. எது இல்லை, லோகு? அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று இருக்கிறது, 'மு' என்று தொடங்குவதுபோல. இன்னும் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு

விளக்கை அணைத்துவிட்டார்கள்.